மணற்குடுவைக்கே முதலிடம்: பேட்மேன் தொடரின் கொலைப்பொறிகள்

1966 ஜனவரி 12, புதன்கிழமை இரவு ஏழரை மணிக்கு அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘பேட்மேன்’ தொடங்கியது. அரைமணி நேரத் தொடர்தான், ஆனால் கதை அன்றைக்கே முடியாது. பேட்மேனோ ராபினோ, பெரும்பாலும் இருவருமோ, வில்லனிடம் சிக்குவார்கள். உயிர் போகும் கட்டத்தில் படம் நிற்கும். பின்னணிக் குரல் ஒன்று பதறிப் பதறிக் கேள்விகளை அடுக்கிவிட்டு, நாளை இதே நேரத்துக்கு இதே அலைவரிசைக்கு வரச் சொல்லும். தொடரின் தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் தாமே கொடுத்த குரல் அது. வியாழக்கிழமை அதே ஏழரைக்கு மீதிக் கதை வரும். 1965–66 பருவத்தில் நாடு முழுக்க அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சிகளில் வியாழக்கிழமை பாகம் ஐந்தாம் இடத்தில் இருந்தது. புதன்கிழமை பாகம் பத்தாம் இடத்தில். சிக்கிக்கொண்டதைப் பார்த்தவர்களைவிடத் தப்பிப்பதைப் பார்க்க வந்தவர்கள் அதிகம்.

தொடரில் வந்த கொலைப்பொறிகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று வரிசைப்படுத்த முயல்கிறேன். 1968 மார்ச் 14 வரை ஓடிய தொடரில் மொத்தம் 120 பாகங்கள். எல்லாப் பொறிகளையும் இங்கே சொல்ல இடமில்லை, அவசியமும் இல்லை. எது எவ்வளவு கொடூரம் என்பது என் அளவுகோல் அல்ல. நாயகர்கள் தப்பிவிடுவார்கள் என்பது பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். அப்படியிருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது என்றால், பொறியின் அழகு வேறெங்கோ இருக்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான்: வில்லன் தன்னையே வரைந்துகொண்ட படம் அவன் செய்யும் பொறி, நாயகன் யார் என்பது அதிலிருந்து அவன் தப்பும் விதத்தில் தெரியும். இரண்டும் ஒரே பொருளுக்குள் சந்திக்கும்போது பொறி உயர்கிறது. வில்லனுக்குச் சம்பந்தமே இல்லாத பொறியும், வெளியிலிருந்து வரும் அதிர்ஷ்டத்தால் திறந்துகொள்ளும் பொறியும் கீழே இறங்குகின்றன.

தொடரின் சாயல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிகையை மிகை என்று தெரிந்தே கொண்டாடும் ரசனையைப் பற்றி சூசன் சோன்டாக் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது 1964இல். இரண்டே ஆண்டில் அந்த ரசனை அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்கு வந்துவிட்டது. கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், வில்லனின் மறைவிடம் வரும்போதெல்லாம் சாய்ந்துவிடும் கேமரா, ஒவ்வொரு கருவியின் மீதும் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு, சண்டையில் திரை முழுக்க வெடிக்கும் ஒலிச்சொற்கள் என எல்லாமே மிகை. இதற்கு நடுவில் பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் மட்டும் சிரிக்கவே மாட்டார். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்தி, ஒரு நீதிபதியின் கனத்தோடு சொல்வார். பொறிக்குள் கட்டுண்டு கிடக்கும்போது அந்தக் கனம் இன்னும் கூடும். சண்டைக் காட்சிகளில் தொடர் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்மேனும் ராபினும் அசையாமல் கிடந்து ஒருவரோடு ஒருவர் பேசுவது பொறிக்குள்தான். அங்கே மூத்தவர் இளையவனுக்குப் பாடம் நடத்துகிறார்; இளையவன் பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்கிறான். வில்லன் ஏன் பக்கத்தில் நின்று முடிவைப் பார்ப்பதில்லை என்று காலங்காலமாகக் கேட்கிறார்கள். அவன் நின்றால் இந்தப் பேச்சு நடக்காது. அவன் அறையை விட்டுப் போவது கதையின் ஓட்டை என்று நான் நினைக்கவில்லை. கதை மூச்சுவிடும் இடமே அதுதான்.

இந்தப் பொறிகளின் பரம்பரை நீளமானது. 1867இல் நியூயார்க் மேடையேறிய அகஸ்டின் டேலியின் ‘அண்டர் த கேஸ்லைட்’ நாடகத்தில் ஒருவனைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறார்கள், ரயில் நெருங்குகிறது. 1890இல் ஜோசப் ஆர்தரின் ‘ப்ளூ ஜீன்ஸ்’ மரமில்லின் சுழல் ரம்பத்தை மேடைக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் கட்டப்படுவது பெண், காப்பாற்றுவது ஆண் என்று ஆகிப்போனாலும் இந்த இரண்டு மூல நாடகங்களிலும் கட்டுண்டது ஆண், மீட்டது பெண். பிறகு 1914இல் பேர்ல் வொயிட் நடித்த ‘த பெரில்ஸ் ஆஃப் பாலின்’ போன்ற மௌனப் படத் தொடர்கள் வந்தன. 1943இல் கொலம்பியா நிறுவனம் பேட்மேனையே 15 அத்தியாயத் திரைத் தொடராக எடுத்தது. தொலைக்காட்சித் தொடர் வருவதற்கு முந்தைய ஆண்டு அந்த 15 அத்தியாயங்களையும் ஒரே அமர்வில் திரையிட்டபோது இளைஞர்கள் கூட்டமாகப் போய் ஆரவாரத்தோடு பார்த்தார்கள்.

பழைய திரைத் தொடர்களில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. கார் பள்ளத்தில் விழுந்து எரிவதோடு இந்த வாரம் முடியும். அடுத்த வாரம் அதே காட்சியில் முன்பு காட்டாத ஒரு துண்டைச் சொருகி, விழுவதற்கு முன்பே நாயகன் குதித்துவிட்டதாகக் காட்டுவார்கள். டோசியரும் தலைமைக் கதையாளர் லோரென்சோ செம்பிள் ஜூனியரும் வகுத்த பாதையில் இந்த ஏமாற்று அநேகமாக இல்லை. புதன்கிழமை விட்ட நொடியிலேயே வியாழக்கிழமை தொடங்கும். பொறி அப்படியே இருக்கும், அதற்குள்ளிருந்துதான் வழி கண்டுபிடித்தாக வேண்டும். இந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். வரிசையின் அடியில் நான் வைப்பது இதை மீறியவற்றைத்தான்.

அதில் மனதுக்கு வலிக்கிற ஒன்று ரிட்லரின் மரமில். மௌனப் படங்களைப் பின்னணியாகக் கொண்ட இரட்டைப் பாகம் அது. 1925ஆம் ஆண்டு ‘பென்-ஹர்’ படத்தின் நட்சத்திரமான ஃபிரான்சிஸ் எக்ஸ். புஷ்மனையே ஒரு பாத்திரத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். ரிட்லரின் கூட்டாளிப் பெண்ணுக்குப் பெயர் பாலின். ராபினை நகரும் பட்டையில் கிடத்தி ரம்பத்தை நோக்கி அனுப்புகிறார்கள். வில்லனுக்கும் பொறிக்கும் பொருத்தம் அபாரம். நூறாண்டு மேடை மரபுக்கே செலுத்திய வணக்கம் அது. ஆனால் பேட்மேன் வந்து சேரும்போது பட்டையில் கிடப்பது பொம்மை. பார்வையாளன் புதன் இரவெல்லாம் கவலைப்பட்டது ஒரு பொம்மைக்காக. எவ்வளவு அழகான பொறியானாலும் இந்த ஒன்றால் அதை மேலே ஏற்ற முடியவில்லை.

அடுத்த கூட்டம், அதிர்ஷ்டம் வந்து திறந்துவைத்த பொறிகள். ஜோக்கர் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் கதையில் (1966 மார்ச்) பேட்மேனையும் ராபினையும் மின்நாற்காலிகளில் கட்டி, அவற்றைக் காசு போட்டு இழுக்கும் ஒரு சூதாட்ட இயந்திரத்தோடு இணைத்துவிடுகிறான். சக்கரங்கள் சுழன்று மூன்று எலுமிச்சைப் படங்கள் வரிசையாக நின்றால் 50,000 வோல்ட் பாயும். ஜோக்கருக்கு இதைவிடப் பொருத்தமான பொறி வேறில்லை. கொலையையும் சூதாட்டமாக ஆக்கிவிட்டு, தன் கையால் கொல்லவில்லை என்று சிரிக்கக்கூடியவன் அவன். முதல் எலுமிச்சை நிற்கிறது. இரண்டாவதும் நிற்கிறது. மூன்றாவது சக்கரம் வேகம் குறைகிறது. தொடரின் ஆகச்சிறந்த பதற்றங்களில் ஒன்று இது. வியாழக்கிழமை என்ன நடக்கிறது? நகரத்தில் மின்சாரம் போய்விடுகிறது. 1965 நவம்பர் 9 அன்று நியூயார்க் உள்பட அமெரிக்க வடகிழக்கின் பெரும்பகுதி இருளில் மூழ்கியிருந்தது. அந்த நினைவு எல்லோருக்கும் புதிது. அன்றைய பார்வையாளர்கள் கைதட்டியிருக்கக்கூடும். ஆனாலும் நாயகனின் அறிவுக்கு இதில் வேலையே இல்லை. சூதாட்டத்துக்குப் பதிலாக இன்னொரு சூதாட்டம் அவனைக் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

கேட்வுமனின் சூரியத் தட்டுக்கும் இதே குறை உண்டு. இரண்டாம் பருவத்தின் ‘ஹாட் ஆஃப் த கிரிடில்’ கதையில் கேட்வுமனாக வரும் ஜூலி நியூமர் இருவரையும் பெரிய தகட்டில் பிணைத்து, உடம்பெல்லாம் மார்கரின் தடவி, மேலே ராட்சத உருப்பெருக்கிக் கண்ணாடிகளை நிறுத்தி வெயிலில் வறுக்க ஏற்பாடு செய்கிறார். நியூமரின் கேட்வுமனுக்கு இரையை உடனே கொல்வதில் விருப்பமில்லை. பூனையைப் போல உருட்டி விளையாட வேண்டும். வெயிலில் மெல்ல மெல்லக் காய வைப்பது அந்தக் குணத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. அந்த நேரம் பார்த்துச் சூரிய கிரகணம் வருகிறது. கிரகணத்தை முன்பே கணித்து வைத்திருக்கும் நாயகன் என்றால் அது வேறு கதை; வானத்தின் தயவு மட்டும் போதாது. இந்த இரண்டையும் வரிசையின் நடுவில்தான் வைக்க முடிகிறது. பொறிக்கு நூற்றுக்கு நூறு, விடுதலைக்குப் பூஜ்யம்.

சமையல் சார்ந்த பொறிகள் இந்தத் தொடரில் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம். வான் ஜான்சன் நடித்த மின்ஸ்ட்ரல் இருவரையும் கம்பியில் கட்டிச் சுழற்றி வாட்டப் பார்க்கிறான். ஆட்டோ பிரெமிங்கர் என்ற பெரிய இயக்குநரே மிஸ்டர் ஃப்ரீஸாக வந்து அவர்களை ராட்சதக் கோப்பைகளுக்குள் குச்சி ஐஸாக உறைய வைக்கிறார். புக்வோர்ம் அவர்களைப் பெரிய சமையல் புத்தகத்துக்குள் அடைத்து ஆவியில் வேகவிடுகிறான். ரிட்லர் கொதிக்கும் மெழுகுத் தொட்டிக்கு மேலே தொங்கவிடுகிறான். அது உணவு அல்ல, ஆனால் கொப்பறை அதே கொப்பறைதான். இரவு உணவு வேளையை ஒட்டி ஒளிபரப்பான தொடர், முதன்மைப் பார்வையாளர் குழந்தைகள். ஒரு குழந்தைக்கு நன்றாகப் புரியும் ஆபத்து அடுப்பும் குளிர்பெட்டியும்தான். துப்பாக்கியைவிட அந்த வயதுக்கு நெருக்கமான பயம் அது. ஆகவே இவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் மின்ஸ்ட்ரல் ஒரு பாடகன். அவனுக்கும் வாட்டும் கம்பிக்கும் என்ன உறவு? யார் செய்தாலும் செய்யலாம் என்ற பொறி யாருடையதும் அல்ல. அதே அளவுகோலில் பிரெமிங்கரின் உறைகோப்பைகள் நன்றாகவே தேறுகின்றன.

ஒரு பொருளைப் பல மடங்கு பெரிதாக்கி அதற்குள் மனிதனைப் போடும் இந்தப் பழக்கம் தொலைக்காட்சி கண்டுபிடித்தது அல்ல. 1940களின் பேட்மேன் காமிக்ஸ் முழுக்க ராட்சதப் பொருள்கள்தான். சண்டைகள் மாபெரும் தட்டச்சு இயந்திரத்தின் மேல் நடக்கும், விளம்பரத்துக்காக வைத்த பிரம்மாண்டப் பொருள்களுக்கு நடுவில் நடக்கும். பேட்மேனின் குகையில் இன்றும் நிற்கும் மாபெரும் ஒரு சென்ட் நாணயம் 1947 கதையொன்றின் வெற்றிச் சின்னம். அந்தக் கதையை எழுதியவர் பில் ஃபிங்கர். அவர் கதைகளில் ராட்சதப் பொருள்கள் தேடித் தேடி வரும். டிக் ஸ்ப்ராங் போன்ற ஓவியர்கள் அவற்றை ரசித்து வரைந்தார்கள். 1939இல் பேட்மேன் உருவானபோது முகமூடியும் மேலங்கியும் சாம்பல் நிற உடையும் ஃபிங்கரின் யோசனைகள். காதம் என்ற நகரப் பெயரும் அவர் வைத்ததே. ஆனால் படைப்பாளர் என்று அச்சானது பாப் கேன் பெயர் மட்டும். ஃபிங்கர் 1974இல் இறந்தார். நாயகனின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு என்று டிசி நிறுவனம் ஒப்புக்கொண்டு பெயர் சேர்த்தது 2015இல்தான். பேட்மேனின் பொறிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரைச் சொல்லாமல் விடுவது அநியாயம். கொலைப்பொறிக்கான இலக்கணத்தை எழுதியவர் அவர்.

அந்த இலக்கணத்தின் நல்ல வாரிசுகள் சில உண்டு. ரோடி மெக்டவால் நடித்த புக்வோர்ம், ராபினைப் பெரிய மணிக்கூண்டில் மணியின் நாக்கோடு கட்டிவிடுகிறான். நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது ராபின் மணிச் சுவரில் மோதுவான். சமையல் புத்தகத்தைவிட இது எவ்வளவோ மேல். என்ன நடக்கப்போகிறது என்று ஒரு சொல்கூடப் பேசாமலே புரிந்துவிடுகிறது. பியானோக் கலைஞர் லிபரேச்சி நடித்த சாண்டெல்லின் பொறியும் அப்படித்தான். தானியங்கிப் பியானோவுக்கான இசைச்சுருளில் துளையிடும் இயந்திரம், அதை நோக்கி நகரும் பட்டையில் பேட்மேனும் ராபினும். மனிதர்களையே இசையாக மாற்றிவிட நினைக்கும் இசைக்கலைஞன்! மேடையில் மின்னும் உடையும் மெழுகுவர்த்தியும் இல்லாமல் தோன்றாத லிபரேச்சி, தம் பொதுப் பிம்பத்தையே ஒரு வில்லனாகத் திருப்பிக்கொடுத்தார். இந்த இணைப்புக்காகவே சாண்டெல்லை மேல்பாதியில் வைக்கிறேன்.

ஜோக்கரின் அச்சகமும் மேல்பாதிதான். 1967 பிப்ரவரிக் கதையில் அவன் காமிக்ஸ் பதிப்பகம் ஒன்றை முகமூடியாக வைத்திருக்கிறான். அங்கே உள்ள பெரிய அச்சு இயந்திரத்தில் ராபினைக் கிடத்தித் தட்டையாக்கி, அவனையே ஒரு காமிக்ஸாக அச்சடிக்கப் பார்க்கிறான். காமிக்ஸிலிருந்து எழுந்து வந்த பாத்திரத்தை மறுபடி காகிதத்துக்கே அனுப்பும் பொறி. தொடரின் இரண்டாம் பருவத்தில் 60 பாகங்கள். அவ்வளவு கதைகளுக்கு யோசனை வறண்டுபோகும் என்று தோன்றும் நேரத்தில் இப்படி ஒன்றைப் பார்த்தால் எழுதியவர்கள் மேல் மரியாதை வருகிறது.

ராட்சதப் பொருளே இல்லாத இரண்டை இங்கே சேர்க்க வேண்டும். 1966 ஏப்ரலில் வந்த ஜோக்கர் கதையில் இருவரையும் உயரமான புகைபோக்கிக்குள் தள்ளிவிட்டு நச்சுவாயுவைச் செலுத்துகிறான். அவர்கள் முதுகோடு முதுகை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் காலை ஊன்றி, அங்குலம் அங்குலமாக மேலே ஏறுகிறார்கள். குறுகிய பாறைப் பிளவுகளில் மலையேறிகள் முதுகையும் காலையும் எதிரெதிர்ச் சுவர்களில் அழுத்தி ஏறுவது உண்மையிலேயே உள்ள முறை. இங்கே சுவரின் இடத்தில் இன்னொரு மனிதனின் முதுகு. ஒருவர் இல்லாமல் மற்றவர் ஏற முடியாது. இடுப்புப் பட்டைக் கருவி எதுவும் இல்லாமல் இருவரின் நட்பையே வழியாக ஆக்கியதால் இது எனக்கு மிகவும் பிடித்த தப்பித்தல். பொறி சாதாரணம், விடுதலை அற்புதம்; ஐந்தாம் இடம்.

நான்காம் இடம் விக்டர் புவோனோவின் கிங் டட்டுக்கு. தலையில் அடிபட்டதால் தன்னைப் பழைய எகிப்திய மன்னனாக நினைத்துக்கொள்ளும் பேராசிரியர் அவன். பேட்மேனைத் தலைமேல் கூழாங்கற்கள் தொடர்ந்து விழும் சித்திரவதைக்கு உள்ளாக்குகிறான். உயிரைப் பறிப்பதைவிட அறிவைக் கலைப்பதுதான் அதன் நோக்கம். அறிவு கலங்கிய ஒருவன் எதிரியின் அறிவையும் கலங்கச் செய்ய விரும்புகிறான் என்பதில் உள்ள பொருத்தம் ஆழமானது. பேட்மேன் அதைத் தாங்குகிறான், பெருக்கல் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லியபடியே. இந்த நாயகன் யார் என்று கேட்டால் இந்த ஒரு காட்சியைக் காட்டினால் போதும். வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்த பையன் வளர்ந்து பேட்மேன் ஆகியிருக்கிறான்.

மூன்றாம் இடம் சர்ச்சைக்குரியது. 1967 செப்டம்பரில் மூன்றாம் பருவம் தொடங்கியபோது எல்லாம் சுருங்கிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறைதான், பெரும்பாலும் ஒரே பாகத்தில் கதை முடிவு. இவோன் கிரெய்கின் பேட்கேர்ள் புதிதாக வந்தார், பணம் குறைந்தது. முன்பு கண்ணைப் பறித்த அரங்குகளின் இடத்தில் கறுப்புத் திரைக்கு முன்னால் நான்கு அட்டைப் பலகைகள் நின்றன. புதன்–வியாழன் இடைவெளி போனதும் பொறிகளும் ஏறக்குறைய போய்விட்டன. ஓர் இரவு காத்திருக்க வைக்காத பொறிக்கு உயிரில்லை. இந்த வறட்சியில், 1968 ஜனவரியில், பார்பரா ரஷ் நடித்த நோரா கிளாவிக்கிளின் கதை வந்தது. கதையாக அதை என்னால் ரசிக்க முடியவில்லை. பெண்கள் காவல்துறையைக் கையில் எடுத்தால் எலியைக் கண்டு ஓடுவார்கள் என்பதே அதன் நகைச்சுவை, பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் பொறி? நோரா எந்தப் பெரிய இயந்திரத்தையும் கொண்டுவரவில்லை. பேட்மேன், ராபின், பேட்கேர்ள் மூவரின் கைகால்களையும் ஒருவரோடு ஒருவர் பின்னி முடிச்சாகப் போட்டுவிடுகிறாள். ஒருவர் அசைந்தால் மற்றவரின் கழுத்து நெரிபடும். செலவு அறவே இல்லை. மூன்று நடிகர்களும் ஒரு தரையும் போதும். காப்பாற்ற வந்தவரே கொல்பவராக மாறும் ஆபத்தை இவ்வளவு எளிதாக யாரும் காட்டவில்லை. பணமுள்ள காலத்தில் யாருக்கும் தோன்றாதது பணமில்லாத காலத்தில் தோன்றியிருக்கிறது.

இரண்டாம் இடம் ஸெல்டாவுக்கு. 1966 பிப்ரவரியில் ஆன் பாக்ஸ்டர் நடித்த மாயவித்தைக்காரி அவள். தன் மேடைக்கான தப்பிக்கும் வித்தைகளை ஐவல் எக்டல் என்பவனிடம் விலைக்கு வாங்குகிறாள். அந்த விலைக்காகவே கொள்ளையடிக்கிறாள். இப்போது எக்டலிடம் யாராலும் தப்பமுடியாத பொறி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து எப்படித் தப்புவது என்பது அதைச் செய்தவனுக்கே தெரியாது. எனவே பேட்மேனை அதற்குள் வரவழைத்து, அவன் எப்படித் தப்புகிறான் என்று மறைந்திருந்து பார்த்து, அந்த வித்தையைத் திருடிக்கொள்வது திட்டம். வெளியே வந்ததும் சுட்டுக்கொல்ல ஆட்கள் தயார். பொறி செய்தவர்களே பேட்மேன் தப்ப வேண்டும் என்று விரும்பும் கதை இது ஒன்றுதான். டிடெக்டிவ் காமிக்ஸின் 346ஆம் இதழில் வந்த கதையைத் தழுவியது இது. அங்கே மாயவித்தைக்காரன் ஓர் ஆண். அவனைப் பெண்ணாக மாற்றியதில் ஒரு லாபம் கிடைத்தது. கடைசி நொடியில் ஸெல்டா மனம் பொறுக்காமல் பேட்மேனை எச்சரித்துவிடுகிறாள். பாக்ஸ்டர் 1946ஆம் ஆண்டு ஆஸ்கர் விருதைத் துணை நடிகையாக வென்றவர். அந்தத் தயக்கத்தை முகத்தில் அவர் கொண்டுவரும் விதம், கேலித்தொடர் என்று ஒதுக்கியவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கக்கூடியது. புதன்தோறும் பார்வையாளன் மனதில் எழும் ‘இவன் எப்படித் தப்பப்போகிறான்?’ என்ற கேள்வியைத் தொடர் இங்கே கதாபாத்திரங்களின் வாயிலேயே வைத்துவிட்டது. தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத தொடர் தன் அடிப்படையைத் தானே எடுத்துப் பரிசோதித்தது. முதலிடத்தில் இதை வைக்காததற்கு ஒரே காரணம், பொறியின் உருவம் நினைவில் நிற்பதில்லை. யோசனை நிற்கிறது, பொருள் மங்கிவிடுகிறது.

பொருள் மங்காத பொறி 1966 அக்டோபர் 12 அன்று வந்தது. வால்டர் ஸ்லெஸாக் நடித்த கிளாக் கிங் கடிகாரங்களின் மேல் வெறிபிடித்த திருடன். அவன் பேட்மேனையும் ராபினையும் ஆளுயரத்தைவிடப் பெரிய மணற்குடுவையின் கீழ்க்கண்ணாடிக்குள் அடைத்துவிட்டுப் போகிறான். மேலிருந்து மணல் விழுகிறது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று மணல் ஏறுகிறது. இங்கே டோசியரின் குரலே தேவையில்லை. மற்றப் பொறிகளில் இன்னும் எவ்வளவு நேரம் என்று யாராவது சொல்ல வேண்டும், ரம்பம் எவ்வளவு தூரம் என்று கேமரா காட்ட வேண்டும். இங்கே கொல்லும் பொருளே நேரம். கண்ணாடி வழியே அது விழுவதைப் பார்க்கிறோம். மூச்சு நிற்கப்போகும் கணத்தையும் பார்த்தே அளக்க முடிகிறது. காலத்தைத் திருடுகிறவனுக்குக் காலத்தாலேயே கொல்வதைவிட வேறு எந்த வழி பொருந்தும்?

விடுதலையும் அதே கண்ணாடிக்குள் இருக்கிறது. இடுப்புப் பட்டையிலிருந்து எந்த அதிசயக் கருவியும் வெளிவரவில்லை, கிரகணம் வரவில்லை, மின்சாரம் போகவில்லை. இருவரும் உடம்பைச் சேர்ந்து சாய்த்துச் சாய்த்துக் குடுவையை ஆட்டுகிறார்கள், கவிழ்க்கிறார்கள், உருட்டிக்கொண்டே வெளியேறுகிறார்கள். நிமிர்ந்து நிற்கும்வரை மணற்குடுவை கொல்லும். படுத்துவிட்டால் அது வெறும் உருளை. கருவியின் இயல்பைப் புரிந்துகொண்டவன் அதை அதன் இயல்பாலேயே வெல்கிறான். புகைபோக்கியில் நட்பு இருந்தது, பெருக்கல் வாய்ப்பாட்டில் அறிவு இருந்தது. இங்கே இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. குழந்தையாலும் கண்டுபிடிக்கக்கூடிய வழி என்பது இன்னொரு சிறப்பு. புதன் இரவு படுக்கையில் கிடந்து யோசித்த ஏதோ ஒரு சிறுவனோ சிறுமியோ, குடுவையை உருட்டிவிட்டால் என்ன என்று தானே நினைத்திருக்க முடியும். கிரகணத்தை யாரும் நினைத்திருக்க முடியாது.

இந்த இரண்டு பாகங்களையும் எழுதியவர்கள் சார்ல்ஸ் சின்க்ளேரும் பில் ஃபிங்கரும். இந்தத் தொடருக்கு ஃபிங்கர் எழுதிய ஒரே கதை இது. ராட்சதப் பொருள்களின் நடுவே பேட்மேனை ஓடவிட்டே வாழ்நாளைக் கழித்தவருக்குத் தொலைக்காட்சியில் ஒரே ஒரு வாய்ப்பு கிடைத்தது. அதில் அவர்கள் கதையிலிருந்து வந்தது இந்த மணற்குடுவை. அச்சுப் பக்கங்களில் இல்லாத அவர் பெயர் அன்று திரையில் வந்தது. உரிமைச் சிக்கல்களால் பல்லாண்டுகள் வீடியோவில் வெளிவராமல் கிடந்த முழுத் தொடரும் 2014 நவம்பரில் டிவிடிகளாக வெளியானது. 120 பாகங்களில் ஒன்றையும் பார்க்காதவர்கள், முதல் பாகத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் பருவத்தின் கிளாக் கிங் கதையிலிருந்து தொடங்கலாம். புதன் பாகத்தைப் பார்த்த பிறகு ஒரு நாள் காத்திருந்து வியாழன் பாகத்தைப் பாருங்கள்.